லயமும் லாயமும்



இன்று குதிரை லாயத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், "பாகான் நக்கோடா ஓமாரில் குதிரை ஏது?" என்று யாராவது சிரித்தால் அதில் தவறில்லை. கரையில் மீன்பிடிப் படகு உண்டு. சேற்றில் கண்டல் மரம் உண்டு. உள்ளே வந்தால் தென்னையும் செம்பனையும் உண்டு. சுங்கை பெசார், செகிஞ்சான் பக்கம் போனால் நெல் வயல் கண்ணுக்கு எட்டிய தூரம் விரிந்து கிடக்கும். குதிரை மட்டும் இல்லை. ஆயினும் இந்த ஊரின் பெயரை ஒரு முறை நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். நக்கோடா என்றால் கப்பல் தலைவன். அது பாரசீகக் கடலோடிகளின் சொல். அந்தச் சொல்லுக்குரியவர்கள்தாம் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு பாரசீக வளைகுடாவிலிருந்து பாண்டிய நாட்டுக்குக் குதிரை ஏற்றி வந்தார்கள். அதே சொல் கிழக்கே வந்து மலாய் மொழியில் குடிபுகுந்து, நம் கடற்கரை ஊர் ஒன்றின் பெயரிலும் நின்றுவிட்டது. எனவே குதிரைக்கும் நமக்கும் அடியோடு தொடர்பில்லை என்று சொல்லிவிட முடியாது.

இன்னொரு தொடர்பும் உண்டு. நாமும் நம் முன்னோரும் குடியிருந்த வரிசை வீட்டுக்கு லயம் என்று பெயர். குதிரை கட்டும் இடத்துக்கு லாயம் என்று பெயர். முன்னது ஆங்கிலேயர் சொன்ன 'லைன்' என்ற சொல் நம் வாயில் திரிந்து வந்தது. பின்னது வேறு சொல். இடையில் ஒரு கால் போட்டால் மனிதர் வீடு குதிரை வீடாகிவிடும். எழுத்தில் மட்டுந்தானா இந்த நெருக்கம் என்பதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் பழைய கதைக்குப் போவோம். மாணிக்கவாசகர் வரலாறு நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியும். திருவாதவூரர் பாண்டியனின் அமைச்சர். குதிரை வாங்கக் கருவூலப் பொன்னோடு கடற்கரைக்குப் போனவர், திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு, பொன் முழுவதையும் இறைபணிக்குச் செலவிட்டு விடுகிறார். அரசன் குதிரை எங்கே என்று கேட்கிறான். இறைவன் காட்டு நரிகளைப் பரிகளாக்கி ஓட்டி வருகிறான். அரசன் மகிழ்ந்து அவற்றை லாயத்தில் கட்டச் சொல்கிறான். இரவானதும் பரிகள் மறுபடி நரிகளாகி, அங்கிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஊளையிட்டு ஓடுகின்றன. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவின்போது நரியைப் பரியாக்கிய லீலை இன்றும் நடத்திக் காட்டப்படுகிறது.

இது பக்திக் கதை. அதைப் பக்தியோடுதான் கேட்க வேண்டும். ஆனால் வரலாறு படிப்பவர்களுக்கு இதில் வேறொன்றும் தெரியும். பெரும் பொன் கொடுத்து வாங்கிய குதிரை, லாயத்துக்குள் போனபின் நிலைப்பதில்லை என்பது அக்காலத் தமிழ் மக்களுக்கு நன்றாகத் தெரிந்த செய்தியாக இருந்திருக்க வேண்டும்.

அதற்கு வெளிநாட்டார் சாட்சியும் கிடைக்கிறது. வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 1290களில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தார். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகிலிருந்த காயல் துறைமுகத்தை அவர் வருணித்திருக்கிறார். இந்நாட்டு மன்னன் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறான், அவன் சகோதரர்களும் அப்படியே வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதி வைத்தார். காரணமும் சொன்னார். குதிரையைப் பேணத் தெரியவில்லை; குதிரை வைத்தியர் இல்லை; விற்கிற வணிகர்கள் வைத்தியரை இங்கே வரவிடுவதுமில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்! சோறும் இறைச்சியும் சேர்த்து வேகவைத்துக் கொடுத்தார்கள் என்றும் அவர் குறிப்பிடுகிறார். புல் தின்னும் பிராணிக்கு இறைச்சிச் சோறு!

அதே காலத்தைப் பற்றி எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் இன்னும் தெளிவாகச் சொல்கிறார். ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள் வந்தன. ஒன்றின் விலை 220 பொன் தினார். வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் பணம் கொடுக்கப்பட்டது. வந்த குதிரையை என்ன செய்தார்கள்? வறுத்த தானியம், வெண்ணெய் சேர்த்த உணவு, காய்ச்சிய பசும்பால் இவற்றைக் கொடுத்து, நாற்பது நாள் லாயத்தில் கயிற்றாலும் முளையாலும் கட்டிப் போட்டார்களாம், கொழுக்கட்டும் என்று. பிறகு பழக்கம் எதுவும் கொடுக்காமல் ஏறி ஓட்டினார்களாம். சில நாளில் அது சோர்ந்து பயனற்றுப் போகுமாம்.

இதில் நாம் சற்று நிற்க வேண்டும். அன்பில்லாமல் செய்த காரியமல்ல இது. நெய்யும் பாலும் கொடுத்தவனை அன்பில்லாதவன் என்று எப்படிச் சொல்வது? அறியாமல் செய்த காரியம். குதிரையின் உடல் ஓடுவதற்கென்று அமைந்தது. அது நடக்க நடக்கத்தான் குளம்பிலிருந்து இரத்தம் மேலே ஏறும். நாற்பது நாள் ஒரே இடத்தில் கட்டினால் கால் வீங்கும். கொழுத்த உணவு கொடுத்து அசையாமல் நிறுத்தினால் குளம்புக்குள் அழற்சி கண்டு, நிற்கவே முடியாமல் போகும். கட்டிய இடத்தில் சாணமும் சிறுநீரும் ஊறினால் குளம்பின் அடி அழுகிக் கறுத்து நாற்றம் எடுக்கும். சிறுநீரிலிருந்து எழும் காரமான ஆவி கண்ணையும் மூச்சையும் அரிக்கும். மூடிய மாட்டுக் கொட்டகைக்குள் விடியற்காலை நுழைந்தவர்களுக்கு அந்த ஆவி எது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. பாண்டியன் பொன்னெல்லாம் இப்படித்தான் கரைந்தது.

இத்தனைக்கும் லாயம் கட்டும் முறை இந்தியாவுக்குத் தெரியாததல்ல. கௌடில்யர் பெயரால் வழங்கும் அர்த்தசாஸ்திரத்தில் குதிரை அதிகாரிக்கு ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. ஒவ்வொரு குதிரைக்கும் தனியறை. நடுத்தரை வழவழப்பான பலகையால் பாவியிருக்க வேண்டும். தீனிக்குத் தனி இடம். சிறுநீரும் சாணமும் வெளியேறத் தனி வழி. வாசல் வடக்கே அல்லது கிழக்கே பார்த்து. குதிரை புரண்டு எழ ஒரு முற்றம். பெண் குதிரைக்கும் ஆண் குதிரைக்கும் குட்டிக்கும் தனித்தனி இடம். குளிப்பாட்டுவோர், கட்டுவோர், புல் கொண்டு வருவோர், தீனி சமைப்போர், லாயம் காப்போர், மயிர் வெட்டுவோர், விஷ வைத்தியர் என்று ஆட்களும் தனித்தனி. வேலையில் தவறினால் அன்றைய கூலி பிடிக்கப்படும்! அந்தப் பழக்கம் அவ்வளவு பழையது.

லாயத்தில் மயில், கீரி, கிளி, மைனா, குரங்கு இவற்றையும் வைக்கச் சொல்கிறது அந்நூல். வேடிக்கை போலத் தோன்றும். ஆனால் தீனி இருக்கும் இடத்தில் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். கீரியும் மயிலும் ஏன் அங்கே என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பாரதக் கதையில் விராட நாட்டில் மறைந்து வாழ்ந்தபோது நகுலன் குதிரைகளையும் சகதேவன் பசுக்களையும் பார்த்துக்கொண்டார்கள் அல்லவா? அந்த நகுலன் பெயரால் அசுவ சாஸ்திரம் ஒன்று வழங்குகிறது. தஞ்சை சரசுவதி மகால் நூலகம் அதைப் படங்களோடு அச்சிட்டு வெளியிட்டிருக்கிறது. அறிவு சுவடியில் இருந்தது. லாயத்தில் கூட்டும் கையில் அது போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. எழுத்தறிவு எல்லார்க்கும் இல்லாத நாட்டில் சுவடி அரண்மனையிலேயே தங்கிவிடும்.

யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே நெடுந்தீவு என்று ஒரு தீவு உண்டு. அங்கே போர்த்துக்கேசியர், ஒல்லாந்தர் காலத்தில் குதிரை வளர்க்கப்பட்டது. பின்பு ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்ற அதிகாரி அதைப் பெருக்கினார். பவளக் கல்லால் கட்டிய பழைய லாயத்தின் தூண்கள் இன்றும் வெயிலில் வரிசையாக நிற்கின்றன. கூரை போயிற்று, தொட்டி போயிற்று, ஆட்களும் போனார்கள். குதிரைகளின் வழிவந்தவை மட்டும் வெளியில் தாமாகவே திரிகின்றன. கோடையில் நீர் வற்றும்போது அவை தாகத்தால் சாவதும் உண்டு. லாயம் என்பது நான்கு தூணல்ல, தண்ணீர் ஊற்றுகிற ஒரு மனிதன் என்பதற்கு அந்தத் தீவைவிட வேறு சான்று வேண்டாம்.

இனி மலாயாவுக்கு வருவோம். இந்நாட்டில் போருக்கோ உழவுக்கோ குதிரை பெரிதும் பயன்பட்டதில்லை. ஆங்கிலேயர் காலத்தில் பினாங்கு, சிங்கப்பூர் நகரங்களில் வாடகை வண்டிகளை இழுத்தவை பெரும்பாலும் சுமத்திராவிலிருந்து வந்த சிறு மட்டக்குதிரைகள். பெரிய குதிரைகள் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்தன. குதிரையைப் பார்த்துக்கொள்பவருக்கு சாயிஸ் என்று பெயர். அரபு மொழியில் பிறந்து, இந்துஸ்தானி வழியே ஆங்கிலேயர் வாய்க்கும், மலாய் மொழிக்கும் போன சொல். அந்த வேலையில் பவேயான் தீவினர் பலர் இருந்தார்கள். மலாய்க்காரரும் இந்தியரும் இருந்தார்கள். இலங்கை மலைத் தோட்டங்களில் துரைமார் குதிரை வைத்திருந்த காலத்தில் அதைக் கவனித்தவர் தமிழ்க் குதிரைக்காரர்தாம்.

நம் தமிழர் கையில் இந்நாட்டில் பெரிதும் இருந்தது மாடு. மோட்டார் லாரி பரவும்வரை கட்டை வண்டிதான் சாலையின் அரசன். சிங்கப்பூரில் தண்ணீர் வண்டியின் பெயரே ஒரு பேட்டைக்கு நிலைத்துவிட்டது. கிரேத்தா ஆயர் என்றால் மலாயில் தண்ணீர் வண்டி. சிராங்கூன் சாலைப் பக்கம் மாட்டுத் தொழுவங்கள் இருந்ததால் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைக் கொட்டில், என்றொரு பெயர் வந்தது. பின்னாளில் அந்தப் பெயரையே தாங்கிய மகப்பேறு மருத்துவமனை உலகப் புகழ் பெற்றது வேறு கதை. அதே வட்டாரத்தில்தான் 1842 முதல் குதிரைப் பந்தயத் திடலும் இருந்தது. கோலாலம்பூரில் 1896இல் சிலாங்கூர் பந்தயக் கழகம் தோன்றியது. அம்பாங் சாலையில் அதன் திடல் இருந்த இடத்தில்தான் இன்று இரட்டைக் கோபுரம் நிற்கிறது. 1990களின் தொடக்கத்தில் திடல் சுங்கை பீசிக்குப் பெயர்ந்தது. சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 5ஆம் நாளோடு பந்தயமே நின்றுவிட்டது. பந்தயத்தில் பணம் போடுவதை நாம் பரிந்துரைக்கவில்லை. அதனால் குலைந்த குடும்பங்களை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். ஆனால் பந்தய லாயத்தில் வேலை செய்பவர்களின் ஒழுங்கு நம் கவனத்துக்கு உரியது. விடிவதற்கு முன் எழுந்து ஈரப் படுக்கையை அள்ளிக் களைந்து, தரை காய்ந்தபின் புதியது பரப்பி, நான்கு குளம்பையும் தூக்கிச் சுரண்டிப் பார்த்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் மறுவேலை.

இப்போது முன்னே சொன்ன லயத்துக்கும் லாயத்துக்கும் உள்ள நெருக்கத்துக்கு வருவோம். தனிக்குதிரை ஒன்றுக்கு லாயத்தில் அறை கட்டினால் பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி இருக்க வேண்டும் என்பது ஆங்கிலேயரின் வழக்கமான அளவு. இலங்கைத் தோட்டத்து லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த அறை பத்தடிக்குப் பன்னிரண்டு. மலாயாவின் பழைய லயங்களும் இதைவிடத் தாராளமாக இருக்கவில்லை. குதிரைக்கு ஏன் இவ்வளவு கொடுத்தான் என்று நாம் கேட்கவில்லை. அது படுத்துப் புரண்டு எழ அவ்வளவு வேண்டும். தாயும் தந்தையும் நான்கு பிள்ளைகளும் படுத்து எழ எவ்வளவு வேண்டும் என்று அளந்து பார்த்தவர் யார் என்பதே கேள்வி. குதிரைக்கு விலை கொடுத்திருந்தார்கள். செத்தால் நட்டம் கணக்கில் ஏறும். கூலிக்காரர் செத்தால் அடுத்த கப்பல் வரும். கசப்பான பேச்சுதான். ஆனால் அக்காலத்துச் சாவுக் கணக்கைப் பார்த்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1901இல் கிள்ளானுக்கு வந்தார். ஊரே மலேரியாவில் சுருண்டு கிடந்தது. சதுப்பை வெட்டி வடித்து, காட்டை விலக்கி, கொசு பெருகும் நீரை அகற்றி, கிள்ளானையும் அப்போதுதான் திறந்த துறைமுகத்தையும் அவர் காப்பாற்றினார். பிறகு தோட்டங்களுக்கும் அதே முறையைக் கொண்டு போனார். லயம் எங்கே இருக்க வேண்டும், சாக்கடை எப்படி ஓட வேண்டும் என்பதெல்லாம் சட்டத்தின் பேச்சாக மாறியது அதன் பிறகுதான். எத்தனை உயிர் போன பிறகு என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

ஈயின் கணக்கும் இதைச் சேர்ந்ததே. ஒரு குதிரை நாளொன்றுக்குப் பதினைந்து முதல் இருபது கிலோ சாணம் போடும். வீட்டு ஈக்குக் குதிரைச் சாணத்தைப்போல் பிடித்த இடம் வேறில்லை. ஒரு தடவையில் நூறுக்கும் மேல் முட்டை இடும். நம் வெப்பத்தில் முட்டை புழுவாகி, கூடாகி, பறக்கும் ஈயாக ஏறக்குறைய பத்து நாள் போதும். ஆகவே வாரத்துக்கு ஒரு முறையாவது சாணம் முழுவதும் லாயத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே நகரச் சுகாதார அதிகாரிகள் வற்புறுத்தினார்கள். ஈ பறப்பதற்குள் அதன் தொட்டிலை எடுத்துவிடும் உபாயம் அது. மாட்டுச் சாணத்துக்கும் இதே கணக்குத்தான். லயத்தின் பின்புறம் மலைபோல் குவித்து, "எருவாகட்டும்" என்று மாதக்கணக்கில் விட்டுவைத்தால், எருவும் ஆகும், பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கும் ஆகும். குவிக்கத்தான் வேண்டுமென்றால் வீட்டுக்கும் கிணற்றுக்கும் தள்ளி, மேலே மண் போட்டு இறுக மூடுவது நல்லது. உள்ளே சூடேறி ஈப்புழு செத்துப்போகும்.

குதிரைச் சாணத்தில் இன்னொரு பகைவனும் ஒளிந்திருக்கிறான். ரண ஜன்னி என்று நம் பாட்டிமார் சொன்ன நோய். தாடை பூட்டிக்கொள்ளும், உடம்பு வில்லாக வளையும். அதன் கிருமி குதிரை, மாடு இவற்றின் குடலில் சாதுவாக வாழ்ந்து, சாணத்தோடு வெளியே வந்து, விதைபோல் உறைந்து மண்ணில் பல ஆண்டு கிடக்கும். புண்ணில் ஆழமாகப் போனால்தான் விழிக்கும். துருப்பிடித்த ஆணியைக் குறை சொல்லுகிறோம். உண்மையில் குற்றம் ஆணியில் ஒட்டிய மண்ணுடையது. பிறந்த குழந்தையின் தொப்புளில் சாணமும் சாம்பலும் பூசிய வழக்கத்தால் ஏழாம் எட்டாம் நாள் பால் குடிக்காமல் விறைத்துப் போன பிள்ளைகள் எத்தனை! அதைக் கண் திருஷ்டி என்றும் பேய் என்றும் சொல்லி அழுதார்கள் தாய்மார்கள். இப்போது கர்ப்பிணிகளுக்கு அரசாங்கச் சுகாதார நிலையத்தில் ஊசி போடுகிறார்கள். அந்த ஊசியைத் தட்டிக் கழிக்கும் குடும்பம் ஏதேனும் உங்கள் லயத்தில் இருந்தால், அவர்களிடம் இந்தப் பேச்சைச் சொல்லுங்கள்.

கிருமியைக் கொடுத்த குதிரையேதான் மருந்தையும் கொடுத்தது. ஜப்பானியரான கிடசாட்டோ 1889இல் இக்கிருமியைத் தனியே பிரித்தெடுத்தார். அடுத்த ஆண்டு அவரும் ஜெர்மானியரான பேரிங்கும், நஞ்சைச் சிறிது சிறிதாகப் பழக்கிய பிராணியின் இரத்த நீரில் அந்த நஞ்சை முறிக்கும் பொருள் இருப்பதைக் காட்டினார்கள். அதை நிறையத் தரக்கூடிய பெரிய, சாதுவான பிராணி எது? குதிரைதான். லாயத்தில் ஒரு மருந்துத் தொழிற்சாலை பிறந்தது. முதல் உலகப் போரில் எருவிட்ட வயல்களில் குண்டடிபட்டு விழுந்த சிப்பாய்களுக்கு உடனே குதிரை இரத்த நீர் ஊசி போட்டபின், ரண ஜன்னிச் சாவு சட்டென்று குறைந்தது.

ஆனால் அந்தத் தொழிற்சாலை சுத்தமாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1901இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜிம் என்று ஒரு கிழக் குதிரை இருந்தது. முன்பு வண்டி இழுத்த குதிரை. தொண்டை அடைப்பான் நோய்க்கு அதன் இரத்தத்திலிருந்து மருந்து எடுத்தார்கள். அந்தக் குதிரைக்கே ரண ஜன்னி கண்டுவிட்டது. கண்டதும் கொன்றுவிட்டார்கள். ஆயினும் நோய் வெளிப்படுமுன் எடுத்த இரத்த நீர் சோதிக்கப்படாமல் வெளியே போயிற்று. பதின்மூன்று குழந்தைகள் இறந்தார்கள். தொண்டை நோய்க்கு மருந்து கொடுத்தார் டாக்டர்; பிள்ளை தாடை பூட்டிச் செத்தது. அதன் பிறகுதான் 1902இல் அந்நாட்டில் இத்தகைய மருந்துகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. ஒரு லாயத்தில் நடந்த கவனக்குறைவு ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றியது. வழக்கம்போல், பிள்ளைகள் போன பிறகு.

இதை எதற்கு இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம் என்றால், நம் தோட்டத்து மனிதர் இன்றும் குதிரையை நம்பித்தான் வாழ்கிறார். செம்பனைக் குலை வெட்டும்போது, விழுந்த மட்டைக்கு அடியில் நாகம் கிடந்து தீண்டிவிட்டது என்று வையுங்கள். மருத்துவமனையில் ஏற்றும் விஷ முறிவு மருந்து எங்கிருந்து வருகிறது? மலேசிய மருத்துவமனைகள் நெடுங்காலமாகத் தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மருந்தைப் பயன்படுத்தி வருகின்றன. பாங்காக்கில் அச்சங்கத்தின் பாம்புப் பண்ணை 1923இல் தொடங்கியது. பாம்பின் நஞ்சை மிகச் சிறு அளவில் தொடங்கி மாதக்கணக்கில் குதிரைக்குச் செலுத்துகிறார்கள். குதிரையின் உடல் முறிவுப் பொருளைச் சுரக்கிறது. பின் அளவாக இரத்தம் எடுத்து, அதன் நீர்ப்பகுதியைச் சுத்தி செய்து குப்பியில் அடைக்கிறார்கள். அந்தக் குதிரைக்கு நோய் வராமல், குளம்பு அழுகாமல், தொட்டியில் பாசி பிடிக்காமல் யாரோ ஒருவர் தினமும் கூட்டிக் கழுவுகிறார். அவர் கையில் விளக்குமாறு. இங்கே நம் ஆள் கையில் உயிர். ஆகவே கடி பட்டவரைக் கட்டிப் பிடித்து வாயால் உறிஞ்சுவதும், கத்தியால் கீறுவதும், கயிற்றால் இறுக்குவதும் வேண்டாம். காலை அசைக்காமல் வைத்து, பயமுறுத்தாமல், நேரே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப் போக நேரம் செலவிடுவதும் வீண்.

நம் கரையோர மண்ணுக்கு வருவோம். இது களிமண். தோண்டினால் இரண்டு முழத்தில் நீர். பாரிட் என்று எல்லாரும் சொல்லும் வாய்க்கால்கள் இல்லாவிட்டால் இவ்வட்டாரம் மறுபடி சதுப்பாகிவிடும். இப்படிப்பட்ட மண்ணில் கொட்டகையின் தரையை வெளித்தரையைவிட ஒரு முழமாவது உயர்த்திக் கட்ட வேண்டும். தலைப்பக்கம் மேடு, வால்பக்கம் சரிவு, சரிவின் அடியில் ஒரு சிறு கால்வாய். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் சொன்ன அதே கால்வாய்தான். அது குடிநீர் எடுக்கும் வாய்க்காலில் போய் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். படுக்கைக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. நெல் ஆலையில் உமி கிடைக்கும், தென்னந்தோப்பில் நார்த்தூள் கிடைக்கும். இரண்டும் ஈரத்தை நன்றாகக் குடிக்கும். ஆனால் நனைந்ததை அன்றன்றே அள்ள வேண்டும். மேலே புதியதைத் தூவி மறைப்பது, அழுக்குச் சட்டைக்கு மேல் வெள்ளைச் சட்டை போடுவதைப் போன்றது.

கண்டல் பக்கம் அந்தி வேளையில் கடிக்கும் பொடி ஈயை மலாய்க்காரர் அகாஸ் என்பார்கள். நமக்கு அது சொறிச்சல், அவ்வளவுதான். குதிரைக்கு அந்த இனத்துப் பூச்சியே எமன். 2020இல் தாய்லாந்தில் ஆப்பிரிக்கக் குதிரை நோய் புகுந்தபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட குதிரைகள் மடிந்தன. அதைப் பரப்பியது அந்தப் பொடிப் பூச்சி. பொழுது சாய்வதற்குள் குதிரைகளை உள்ளே கட்டி, லாயம் முழுவதையும் நெருக்கமான வலையால் மூடினார்கள். வலை தைக்க ஊர் மக்களும் வந்து உதவினார்கள் என்றால், எவ்வளவு வலை வேண்டியிருந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பெரிய கடி ஈக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. 1880இல் கிரிபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர் இந்தியாவின் வடமேற்கில் குதிரைகளும் ஒட்டகங்களும் மெலிந்து சாகும் சுர்ரா என்ற நோயின் கிருமியை இரத்தத்தில் கண்டார். கடி ஈயால் பரவும் நோய் அது. மாடும் எருமையும் அதைத் தாங்கிக்கொண்டு, வெளியே தெரியாமல் சுமக்கும். கொட்டகையில் மாலையில் புகை போடும் நம் பழைய வழக்கம் வீணானதல்ல. ஆனால் காய்ந்த வைக்கோலுக்குப் பக்கத்தில் நெருப்பை வைத்துவிட்டுப் படுக்கப் போகக்கூடாது.

நெருப்பு என்றதும் ஒரு செய்தி. குதிரை தீயைக் கண்டால் வெளியே ஓடாது. தான் பழகிய அறையே பத்திரம் என்று எண்ணி, இழுத்து விட்டாலும் மறுபடி உள்ளே ஓடும். அதனால்தான் லாயத்தில் கயிற்றை ஒரே இழுப்பில் அவிழும்படி உருவு முடிச்சாகப் போடுகிறார்கள். கதவை வெளிப்புறம் திறக்கும்படி வைக்கிறார்கள். கண்ணைத் துணியால் கட்டி வெளியே நடத்துகிறார்கள். நாம் மாட்டையும் ஆட்டையும் எப்படிக் கட்டுகிறோம்? கடும் முடிச்சு, அதன்மேல் இன்னொரு முடிச்சு, சில வீடுகளில் சங்கிலியும் பூட்டும். திருடன் பயம் என்கிறார்கள், நியாயந்தான். அப்படியானால் சாவி எங்கே தொங்குகிறது என்பது வீட்டில் எல்லாருக்கும், பத்து வயதுப் பிள்ளைக்கும், இருட்டில் தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளம் வரும் மாதங்களிலும் இதே கதைதான். கடல் ஏற்றமும் மழையும் ஒன்று சேரும் இரவில் வாய்க்கால் நீர் திரும்பி வரும். முதலில் நீர் ஏறும் இடம் வீடல்ல, தாழ்வாகக் கட்டிய கொட்டகைதான்.